கருவாடு மணக்கும் கியோட்டோ

தை மாதத்து முதல் முகூர்த்தத்தன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, கொற்றன்பட்டினம் தில்லைநாயகம் கல்யாண மண்டபத்தின் மாடியில் பனி கொட்டத் தொடங்கியது. கீழே பந்தியில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர் ஜனங்கள், கூரையிலிருந்து சொட்டிய சில்லென்ற தண்ணீரை இலையோரமாக வழித்து விட்டுவிட்டு, தலையை ஒருமுறை தூக்கிப் பார்த்து, "ரசத்தக் கொண்டாப்பா" என்றார்கள். வேறு ஊராக இருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள், கும்பிட்டிருப்பார்கள், குறைந்தபட்சம் மாடியேறியாவது பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் அதிசயமெல்லாம் பாயசத்துக்குப் பிறகுதான்.

மாடியில் இருப்பது ஜப்பான் கூடம். மண்டப முதலாளியும் கழகத் தலைவருமான தில்லைநாயகத்தின் தாத்தா பினாங்கில் இரும்புக்கடை வைத்திருந்தவர். யுத்தம் முடிந்து, தோற்ற சிப்பாய்களின் வாள்களைப் பிடுங்கி உடைத்து எடைக்குப் போட்டபோது, அலகுகள் போனது போக மிஞ்சிய காப்புத் தட்டுகள் நாற்பத்தொன்றை ஒரு பீப்பாயில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே, கை வழுக்கி வெட்டுப்படாமல் இருப்பதற்காக மாட்டுகிற உள்ளங்கை அகல இரும்புத் தட்டு அது. நடுவில் அலகு நுழைய ஓட்டை, சுற்றிலும் கொடியோ கொக்கோ அலையோ குடைந்த வேலைப்பாடு. ஜப்பானியர் அதை சுபா என்பார்களாம். எங்கள் ஊர் அதை இரும்பு வடை என்றது. இருநூறு முந்நூறு வருஷத்துப் பொருளுக்கு எங்களால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

நான் அந்தக் கூடத்தை நடத்தும் கலைப்பொருள் கழகத்தின் காரியதரிசி, பெயர் குஞ்சிதபாதம். காரியதரிசி என்றால் தட்டச்சு செய்வது, பூட்டைத் திறப்பது, முகூர்த்த நாட்களில் கழகத்தின் சார்பாகச் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டு ஏறிப் பார்த்தேன். ஏழாம் எண் தட்டின் ஓட்டை வழியாகப் பனி பொலபொலவென்று கொட்டி, தரையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் குவிந்திருந்தது. மறுநாள் பத்தொன்பதாம் எண்ணிலிருந்து சாம்பல் உதிர்ந்தது. அதற்கடுத்த நாள் முப்பதாம் எண்ணிலிருந்து மூடுபனி கசிந்தது, பன்னிரண்டிலிருந்து வறண்ட குளிர்காற்று அடித்தது, இருபத்திரண்டு ஓயாமல் தூறியது, தைப்பூசத்துக்குள் நாற்பது தட்டுகளும் தாம் அடிக்கப்பட்ட ஊரின் வானிலையை அந்தந்த நேரத்துக்கு அப்படியப்படியே விட ஆரம்பித்துவிட்டன. நாற்பத்தொன்றாவது மட்டும் சும்மா இருந்தது.

ஏன் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. என்னத்துக்கு ஆகும் என்று கேட்டவர்கள் வாசல்வரை வரிசையில் நின்றார்கள். மீன் விற்கிற பெண்கள் கூடையோடு ஏறி வந்து, ஏழாம் எண்ணின் பனியை அள்ளி வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் நடுவே போட்டுக்கொண்டு போனார்கள். பத்தொன்பதின் சாம்பலில் பித்தளை நன்றாக வெளுக்கிறது என்று தெரிந்ததும் அக்ரகாரத்திலிருந்து குத்துவிளக்குகள் படையெடுத்தன. அதை நெற்றியில் இடலாமா என்று எழுந்த வழக்கில், பசு சம்பந்தப்படாத சாம்பல் பாத்திரத்துக்கு ஆகும், பக்திக்கு ஆகாது என்று குருக்கள் தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டின் காற்றில் கூழ்வத்தல் ஒரே நாளில் காய்ந்தது. முப்பதின் மூடுபனிக்குள் நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஆகி, அடுத்த ஆவணி வரைக்கும் மண்டபத்துக்குத் தேதி கிடைக்கவில்லை. குறை சொன்னது சமையல் மேஸ்திரி ஒருவர்தான். அவருக்கும் அப்பளம் நமுத்துப்போகிறதே என்பதுதான் விசாரம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் ஊர் அந்தத் தட்டுகளைச் சட்டென்று புரிந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் ஊர்க்கேள்வி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனிடம், எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு, தெருவுல எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டால் போதும், அவன் யார், அவனுக்குச் செம்பில் தண்ணீர் தருவதா டம்ளரில் தருவதா, அவன் பெண்ணை எடுக்கலாமா கூடாதா எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். அதே கேள்வியை இரும்பிடம் கேட்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஜப்பான் மாகாணங்களைப் பெரிய இடம் சின்ன இடம் என்று பிரித்து, எரிமலைச் சாம்பல் கொட்டும் ஊர் நமக்குச் சரிப்படாது, பனி கொட்டுகிற ஊர் பரவாயில்லை, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் பெரிய இடம் கியோட்டோ. நாற்பத்தொன்றாவது தட்டு கியோட்டோ அரண்மனை வாளைச் சேர்ந்தது என்று தாத்தா பினாங்கிலிருந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டார். விளிம்பெல்லாம் முத்து முத்தாக வைத்து, உள்ளே கொடிக்குள் கொடி நுழைந்து புறப்படுகிற தட்டு. அதுதான் மண்டபத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது, தாம்பூலப் பையில் இருக்கிறது, தில்லைநாயகத்தின் மோதிரத்திலும் இருக்கிறது. நாற்பது தட்டுகள் ஊதியும் உதிர்த்தும் கொண்டிருக்க, அது மட்டும் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்து ஊரே சிலிர்த்தது. "பெரிய இடத்து வழக்கமே அதான். அலட்டிக்காது" என்றார் தில்லைநாயகம், தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது போல.

இனி குழலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலவார்குழலி, கொல்லத் தெரு, நாற்பத்திரண்டு வயது, தட்டுகளைத் துடைக்கிற வேலைக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்பு சேர்ந்தவள். துடைப்பது என்றால் எலுமிச்சம்பழமும் புளியும் போட்டுத் தேய்ப்பது என்று கழகம் நினைத்துக்கொண்டிருந்தது. அவள் பழைய வேட்டித் துணியும் மாட்டெலும்புச் சீவலும் வைத்துக்கொண்டு, சிவப்புத் துருவை மட்டும் மெல்லச் சுரண்டி, கறுப்புத் துருவைப் பத்திரமாக விட்டுவிடுவாள். பீப்பாயோடு வந்த மூன்று படப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து, ஒசாகாவில் தட்டு சேகரிக்கிற ஒரு பெரியவருக்கு உடைந்த ஆங்கிலத்தில் கடிதம் போட்டுப் போட்டு, எந்தத் தட்டு எந்த மாகாணம் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கழகம் கவனிக்கவில்லை. துடைக்கிறவள் சம்பளம் வாங்கும்போது தவிர மற்ற நேரத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டாள்.

கழகம் கவனித்தது முனைவர் நித்யகல்யாணத்தை. குழலி சேர்ந்த வருஷம் அவர் நகரத்திலிருந்து காரில் வந்து, இரண்டு நாள் தங்கி, தட்டுகளில் வெட்டியிருந்த கையெழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இன்ன ஊரில் வசிக்கும் இன்னார் செய்தது என்று என்ன வெட்டியிருக்கிறதோ அதையே அட்டையில் எழுதவைத்துவிட்டு, இரால் வறுவலைப் பாராட்டிவிட்டுப் போனார். கையெழுத்து இல்லாத தட்டுகளை எல்லாம் கியோட்டோவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஏழாம் எண்ணின் பனியில் அட்டைகள் நனைந்து ஊறியதால், வெயிலில் காயவைக்கலாம் என்று நான் அவற்றைப் பிடுங்கித் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் பென்சிலில் பொடி எழுத்தாக ஏதோ எழுதியிருந்தது. ஏழின் முன்பக்கம் தலைநகரமான எடோ, முதுகில் பனி மாகாணமான காகா. பத்தொன்பதின் முன்பக்கம் கியோட்டோ, முதுகில் எரிமலை ஊரான சத்சுமா. பன்னிரண்டின் முன்பக்கம் மறுபடியும் எடோ, முதுகில் ஓவாரி.

"யாரும்மா எழுதுனது?" என்றேன்.

"நாந்தாண்ணே. முன்னாடி எழுதுனா திட்டுவாங்கன்னு பின்னாடி எழுதி வெச்சேன்."

"தட்டுலயே பேரு வெட்டிருக்கே. அதவிட நீ என்னத்தக் கண்டே?"

அவள் ஏழாம் எண்ணைத் துணியால் பிடித்து, பனியை உதறிவிட்டு, என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "பேரு வெட்டுன பள்ளத்துல பாருங்க, துரு இளசு. சுத்தி இருக்குற துரு கெழடு. தட்டு மொதல்லயே பொறந்துருச்சு, பேரு அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது. விக்கிறவன் எடோன்னு வெட்டுனா வெல கூடும்னு வெட்டியிருப்பான். பேர கடைசியா பாக்கணும்ணே. மொதல்ல நெறம், அப்புறம் விளிம்பு. ஓவாரி இரும்புல விளிம்போரமா எலும்பு மாதிரி முடிச்சு முடிச்சா நிக்கும். ஹிகோ ஊரு இரும்பு கத்திரிக்கா தோலு கறுப்பு. கியோட்டோக்காரன் கம்பி இழுத்த மாதிரி மெலிசா குடைவான். வேல செஞ்சவன் கை பொய் சொல்லாது."

பிறகு கைபேசியை எடுத்து ஜப்பானில் அந்தந்த ஊரின் வானிலையைக் காட்டினாள். காகாவில் பனி விட்ட நிமிஷத்தில் ஏழாம் எண் நின்றது. மறுபடி பிடித்த நிமிஷத்தில் கொட்டியது. மாசி முழுக்க அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாற்பதில் முப்பத்தெட்டு அவள் எழுதியபடியே இருந்தது. தப்பாகப்போன இரண்டையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ரப்பரால் அழித்து, "அட, சாடோத் தீவா நீ? என்னை ஏமாத்திட்டியே" என்று சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினாள். அவளுடைய சிரிப்பைப் பதினோரு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

செய்தி ஊருக்குள் போயிற்று. ஊர் என்ன சொன்னது? "இரும்பே வாயத் தொறந்து சொல்லிருச்சு, இதுல அவ சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றது. பனி கொட்டினால் பனி என்றுதான் தெரியுமே தவிர, பனி கொட்டுகிற பத்து மாகாணத்தில் இது எது என்று எவனுக்குத் தெரியும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பதினோரு வருஷம் ஒருத்தி சொன்னதை வானமே வந்து நிரூபித்தால், வானத்துக்குத்தான் மாலை போடுவோம். நாங்கள் அப்படித்தான்.

ஆனால் தில்லைநாயகம் கணக்குத் தெரிந்தவர். சித்திரையில் கூடத்தின் பட்டியல் புத்தகத்தைப் பெரிய மனிதர்களை அழைத்து வெளியிடுவதாக இருந்தார். நித்யகல்யாணம் பெயரைப் போட்டால் பனி சிரிக்கும். அதனால் குழலியைக் கூப்பிட்டனுப்பி, உட்காரச் சொல்லாமல், ஆனால் நின்றபடியே காபி கொடுத்துச் சொன்னார்: "இந்தாம்மா, ஒம் பேரையே போட்டுர்றேன். இனங்கண்டவர் ஏலவார்குழலி. மொதப் பக்கத்துல, படத்தோட. துடைக்கிற வேலை வேணாம், இனிமே நீதான் கூடத்துக்குக் காப்பாளர். திருப்திதானே?"

அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். பூமியில் வேறெதுவும் அவளுக்கு அவ்வளவாக வேண்டாம். கொல்லத் தெருவில் ஒருத்தியின் பெயர் இதற்குமுன் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான். ஒசாகா பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று அன்று மாலை முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கெட்டது பங்குனிக் கடைசியில். பனி மண்டபத்துக்குள் இறங்காமலிருக்கக் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். உள்ளே ஜப்பானின் நாற்பது குளிரும் சேர்ந்து உடம்பைச் சிலிர்க்கவைத்தது. குழலி நாற்பத்தொன்றாவதைத் துடைக்கப் போனவள், அதன் முன்னால் அசையாமல் நின்றுவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். கிட்டே போனேன். ஓட்டையிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. உப்புக் காற்று. அதில் கொஞ்சம் உலைக்கரிப் புகை, நிறையக் கருவாடு.

சும்மா இருக்கிறது என்று நாங்கள் நினைத்த தட்டு, தை மாதத்திலிருந்து விடாமல் ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது ஊதியது எங்கள் ஊர்க் காற்று என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

மேல்காற்றில் கருவாட்டு நெடியும் உலைப்புகையும் சேர்ந்து அடிக்கிற இடம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். குழலி பிறந்து வளர்ந்து இன்னும் இருக்கிற தெரு. அவள் அட்டையைத் திருப்பினாள். அதன் முதுகில் மட்டும் பதினோரு வருஷமாக ஒரு கேள்விக்குறிதான் இருந்தது.

"இந்தக் கொடிய எங்க பாத்தேன் எங்க பாத்தேன்னு இருந்துச்சுண்ணே" என்றாள். "நம்ம கோயில் திருவாசியில ஓடுற கொடி. டச்சுக்காரன் கப்பல்ல எங்காளு எவனோ அடிச்சுக் குடுத்தது ஜப்பானுக்குப் போயிருக்கும். எனக்கு முன்னாடியே லேசா தோணுச்சு. ஆனா எழுத பயமா இருந்துச்சு."

அப்போது வெளியே கோடைமழை பெய்தது. அதே நிமிஷம் தட்டும் தூறியது. வெளியே விட்டது, தட்டும் விட்டது. கைபேசியில் கியோட்டோ வெயிலாக இருந்தது.

தில்லைநாயகத்திடம் அவளே போய்ச் சொன்னாள். ஒருவன் தன் பெயர்ப்பலகையும் தாம்பூலப் பையும் மோதிரமும் கொல்லத் தெருவில் பிறந்தவை என்று கேட்கும்போது முகம் எப்படிப் போகும் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் முகம் எப்படியும் போகவில்லை. "சித்திரை ஒண்ணாந்தேதி கமிட்டி கூடட்டும். எல்லாரும் பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

சித்திரை ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி கூடியது. ஒன்பது பேர். வெளியே தார் உருகும் வெயில். கூடத்துக்குள் ஜப்பானிய வசந்தத்தின் குளுமை, நாற்பத்தொன்றாவது தட்டுக்கு எதிரே நிற்கும் மூன்றடி தவிர. அந்த மூன்றடியில் கொல்லத் தெருவின் நடுப்பகல் அடுப்பாக அடித்தது. வெளியீட்டு விழாவுக்கு வாங்கிய பொன்னாடைகள் மேசைமேல் கட்டாக இருந்தன. தில்லைநாயகம் முதல் ஆளாகத் தட்டின் எதிரே போய் நின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. அவர் மேசையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து, உதறி, கழுத்தைச் சுற்றி இறுக்கப் போர்த்திக்கொண்டு, "அப்பப்பா, கியோட்டோ குளிரு எலும்பத் தொளைக்குது" என்றார்.

பொன்னாடையைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மனிதன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. துணைத்தலைவர் ஒன்று போர்த்திக்கொண்டு நடுங்கினார். பொருளாளர் இரண்டு போர்த்திக்கொண்டு நடுங்கினார். ரைஸ்மில் முதலாளி வேர்வை புருவத்திலிருந்து மூக்கில் சொட்டச் சொட்ட, "பல்லு கிட்டுதுங்க" என்றார். கருவாடு மணக்கிறதே என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மெல்ல இழுத்ததற்கு, "ஜப்பான்காரன் மீன் திங்காம முருங்கக்காயா திங்கிறான்?" என்று தில்லைநாயகம் கேட்டார். தலைமையாசிரியர் அந்த நியாயத்தில் உண்மை இருப்பதைக் கண்டு ஒரு பொன்னாடை எடுத்துக்கொண்டார். கியோட்டோவிலிருந்து கடல் நல்ல தூரம் என்று பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர் அவர்.

கடைசியில் தில்லைநாயகம் ஒரு பொன்னாடையைப் பிரித்து, இரு கையாலும் பிடித்து, குழலிக்கு நீட்டினார். மேசைமேல் நான் தட்டச்சு செய்த முதல் பக்கம் இருந்தது. நாற்பத்தொன்று: கியோட்டோ. இனங்கண்டவர்: ஏலவார்குழலி. கையெழுத்துக்கு இடம்.

"போர்த்திக்கம்மா. ஒரு கையெழுத்துதான். மத்த நாப்பதும் ஒன்னோடது."

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் ஒருமுறை தொட்டாள். நாற்பதுக்காக ஒன்றை விட்டுவிடு தாயே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறார்கள், நீ மட்டும் என்ன.

"ஐயா, எனக்கு வேர்க்குதுங்க" என்றாள்.

தட்டு ஊதிக்கொண்டே இருந்தது. அவள் பேனாவைத் தொடாமல் தாளை நகர்த்தி வைத்தாள். எலும்புச் சீவலையும் துணியையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கொல்லத் தெருன்னு போடுறதா இருந்தா சொல்லியனுப்புங்க, வந்து போட்டுத் தாரேன்" என்றாள்.

தில்லைநாயகம் ஒரு கணமும் வீணாக்கவில்லை. விரித்த பொன்னாடையை மடிக்கக்கூட இல்லை, அப்படியே திரும்பினார். "குஞ்சிதம், பென்சில்ல எழுதுனதெல்லாம் ஒங்கிட்ட இருக்குல்ல? நீ போடுய்யா."

எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசியவன் நான். நிற்கிற ஒன்பது பேரும் கோமாளிகள் என்று அந்த நிமிஷத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாளில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தோளில் பொன்னாடை விழுந்தது. புகைப்படக்காரர் எல்லாரையும் தட்டைச் சுற்றி நெருக்கி நிற்கச் சொன்னார். அனல் நேராக என் பிடரியில் அடித்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. "குளிருதா சார்?" என்று புகைப்படக்காரர் கேட்டார். குளிருகிறது என்றேன்.

குழலி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், நான் அதற்குத் தயாராக இருந்தேன். அவள் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், வேறு யாருக்கும் கேட்காமல், "அண்ணே, அத எடுத்துருங்க. இந்த வேக்காட்டுல ஒடம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் எடுக்கவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. இனங்கண்டவர் க. குஞ்சிதபாதம் என்று கீழே போட்டிருக்கிறது. முகத்தில் வழிந்த வேர்வையை அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள்.